கட்டுப்பாட்டு அறைக்குள் பெய்த மழை

ஐந்து கம்பெனிக்காரர்களும் தங்கள் தங்கள் பங்கை ஒன்றோடொன்று சேர்த்து முதன்முதலாக சுவிட்சைத் தட்டிய அன்று, பெருங்கரைப்பட்டி நீரேற்று நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைக்குள் மழை பெய்தது. வெளியே வழக்கம்போல வானம் வெளுத்துக் கிடந்தது, ஆடு மேய்க்கிறவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனார்கள், உள்ளே மட்டும் புதிதாக வெள்ளையடித்த கான்கிரீட் கூரையின் அடிப்பக்கத்திலிருந்து, ஒழுகலும் இல்லாமல் கசிவும் இல்லாமல், நல்ல ஐப்பசி மாதத்து மழையாகச் சாய்ந்தும் நேராகவும் விழுந்தது. பணியில் இருந்த ஆபரேட்டர் கம்ப்யூட்டரைத் தார்ப்பாயால் மூடினார், டிபன் பாக்ஸை நாற்காலிக்கு அடியில் தள்ளினார், பிறகு வீட்டுக்குப் போன் செய்து மொட்டைமாடியில் காயும் வற்றலை எடுக்கச் சொன்னார். மழை என்றால் மனிதன் செய்கிற காரியம் அதுதானே.

"யாரோட மழைய்யா இது?" என்று கேட்டார் திட்ட மேலாளர் தனுஷ்கோடி. செல்போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டேதான் கேட்டார். தரைத்தொட்டி கட்டிய கம்பெனி, எங்கள் தொட்டியில் மழை இல்லை என்றது. மோட்டார் கம்பெனி, மோட்டார் காய்ந்து கிடக்கிறது, தொட்டுப் பாருங்கள் என்றது. கம்ப்யூட்டர் கம்பெனி, திரையில் மழை என்று எச்சரிக்கை எதுவும் வரவில்லை, ஆகவே மழை இல்லை என்று நனைந்துகொண்டே சொன்னது. ஊரிலிருந்து பாதி வழி வரை குழாய் பதித்த கம்பெனியும், அங்கிருந்து மீதி வழிக்குப் பதித்த கம்பெனியும், எங்கள் குழாய் பூமிக்கு அடியில் இருக்கிறது, மழைக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று கையை விரித்தன. பிரித்துப் பிரித்து ஓட்டிப் பார்த்தார்கள். தனித்தனியாக ஓட்டினால் ஒரு துளி இல்லை, ஐந்தையும் சேர்த்தால் கொட்டியது. 'இணைப்புக் கோளாறு' என்று ஒரு பேரை வைத்துவிட்டு ஐவரும் சாப்பிடப் போனார்கள். பேர் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி நம் ஆட்களுக்கு.

பெருங்கரைப்பட்டி காய்ந்த ஊர். மழை என்று கேள்விப்பட்டு முதலில் வந்தது பக்கத்து வீட்டுக்காரி, ஒரே ஒரு குடத்தோடு, கொஞ்சம் கூச்சத்தோடு. சாயங்காலம் தெருவே வந்தது, கூச்சம் இல்லாமல். வாரம் திரும்புவதற்குள் மழைக் கமிட்டி ஒன்று உண்டாகி, வடக்குத் தெருவுக்குக் காலை மழை, கீழத்தெருவுக்கு மத்தியான மழை, கடைக்காரர்களுக்கு மோட்டார் நிற்கப்போகும் நேரத்துத் தூறல் என்று முறை வகுத்து, செருப்பை வெளியே விட வேண்டும், உள்ளே துணி துவைக்கக் கூடாது, கம்ப்யூட்டர்மேல் குடத்தை வைக்கக் கூடாது என்று சாக்பீஸால் சுவரில் எழுதி, அது கரைந்து அழிய அழியத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். மோட்டாருக்குக் கரண்டு கொடுக்கும் பெரிய இரும்புப் பேனலுக்கு யாரோ சந்தனம் வைத்தார்கள், அடுத்தவர் குங்குமம் வைத்தார், அதற்கடுத்தவர் மஞ்சள் துணி சுற்றினார், பேனலம்மன் என்று பேர் நிலைத்துவிட்டது. ஷாக் அடிக்கும், கிட்டே போகாதீர்கள் என்று கத்திக்கொண்டிருந்த மோட்டார் கம்பெனி எஞ்சினீயரே ஒரு செவ்வாய்க்கிழமை எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார். டீக்கடையில் மழைத்தண்ணி டீ என்று போர்டு எழுதினார்கள். பிள்ளை பெற்றவர்கள் குழந்தைக்கு முதல் தூறல் காட்ட வந்தார்கள், தவளைகள் எங்கிருந்தோ வந்து மேசைக்கடியில் குடியேறின, வெளியூரில் பெண் எடுக்கப் போனால் 'எங்க ஊர்ல ரூமுக்குள்ளேயே மழை' என்று மாப்பிள்ளை வீட்டார் மிடுக்காகச் சொல்லிக்கொண்டார்கள்.

ஒருத்தி மட்டும் இந்த மழையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவள் செண்பகவல்லி, கோவில்பட்டிக்காரி, சோதனைப் பொறியாளர். ஐந்து பேர் செய்ததை ஒன்றாகச் சேர்த்து, சேர்ந்தது வேலை செய்கிறதா என்று பார்த்து, 'தேறியது' என்றோ 'தேறவில்லை' என்றோ எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தை இருப்பதாக அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, சொல்லித் தந்தாலும் ஏற்கிற ஜாதியும் இல்லை அவள். தண்ணீர் பெருங்கரைப்பட்டிக்காகக் கொண்டுவரப்பட்டதல்ல. ஊரைத் தாண்டி, குழாயின் இரண்டாம் பாதி போகும் வழியில் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களுக்காக, அவற்றில் கடைசியான உப்போடைக்காகக் கொண்டுவரப்பட்டது. ஆகவே உப்போடையின் கடைசிக் குழாயில் தண்ணீர் வந்தால்தான் தேறியது. இவ்வளவுதான் அவள் கணக்கு.

உப்போடையைப் பற்றிக் கேட்டால் வயிறு எரியும். கிணறு வெட்டுகிற பக்கமெல்லாம் உப்பு. ஓடை மணலில் பள்ளம் தோண்டி, ஊறி வருவதைச் சிரட்டையால் மோந்து, துணியில் வடிகட்டி, அதையே குடித்துக் குடித்து, சிறுநீரகத்தில் கல் இல்லாத வீடு அங்கே கிடையாது. கரிமூட்டம் போடுகிற பஞ்சவர்ணத்தின் புருஷனுக்குச் சிறுநீரகமே போய்விட்டது. மதுரைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்து கட்டிலில் படுப்பான், எழுந்தால் மறுபடி மதுரை. இதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனுஷியால் கோபப்படாமல் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

செண்பகவல்லி தினமும் அந்தக் கடைசிக் குழாயடியில் நின்றுகொண்டு, "போடுங்க" என்று போன் செய்வாள். அங்கே மோட்டார் ஓடும், மழை கொட்டும், குடங்கள் நிறையும். இங்கே குழாய் இருமும். கொஞ்சம் காற்று வரும், அதுவும் நிற்கும்.

"ஏந்தாயி, அங்கிட்டு மழை பெய்யுதாம்ல?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள்.

"பெய்யுதுக்கா."

"இங்கிட்டு காத்துதேன் வருது. காத்தக் குடத்துல புடிச்சுட்டுப் போகவா?"

இத்தனைக்கும் குழாயின் இரண்டு பாதிகளும் தனித்தனியே சோதனையில் தேறியவை. எப்படித் தேறின என்பதையும் சொல்ல வேண்டும். முதல் பாதிக்கு ஒரு டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், குழாயின் நுனியை இரும்புத் தகட்டால் இறுக்கி மூடினார்கள், தண்ணீரை ஊற்றி அழுத்தம் கொடுத்தார்கள், அழுத்தமானியின் முள் இறங்காமல் நின்றது, கைதட்டினார்கள். பிறகு அதே தண்ணீரை அதே லாரியில் உறிஞ்சி ஏற்றி இரண்டாம் பாதிக்குக் கொண்டுபோய், அங்கும் நுனியை மூடி, ஊற்றி, முள்ளைப் பார்த்துக் கைதட்டினார்கள். தண்ணீர் பஞ்சமான சீமை, ஆகவே சிக்கனம். சோதனையில் உண்மையாகத் தேறியது அந்த லாரித் தண்ணீர்தான் என்று செண்பகவல்லி பின்னால் ஒருமுறை சொல்லிச் சிரித்தாள், சிரிப்பில் கசப்பு இருந்தது.

திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தார்கள். அமைச்சர் வருகிறார் என்று பெருங்கரைப்பட்டியிலிருந்து உப்போடை வரை கன்னங்கரேலென்று புதுத் தார் ரோடு போட்டார்கள். தனுஷ்கோடி குடையைப் பிடித்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏம்மா, திட்டத்தோட நோக்கம் என்ன? மக்களுக்குத் தண்ணி. இந்தா, எடுக்குறாங்க, பார்க்குறேல்ல? அப்புறம் என்ன தேறல?"

"எந்த மக்கள் சார்?"

"உப்போடையத்தான சொல்ற? இந்த மழைத்தண்ணியவே லாரில ஏத்தி, விழா அன்னைக்குக் கடைசிக் குழாய்க்குப் பின்னாடி நிறுத்தி, ஒரு ஹோஸ மாட்டிவிட்ருவோம். அமைச்சர் திறப்பாரு, தண்ணி வரும், கைதட்டுவாங்க. நீ கையெழுத்தப் போட்டுரு."

"மறுநாள் யார் சார் லாரிய நிறுத்துவா?"

"மறுநாளைக்கு ஏன்மா இன்னைக்கே கவலப்படுற? அற்புதமே நமக்குச் சாதகமா இருக்கு, நீ என்னமோ வில்லி மாதிரி பேசுற."

"அற்புதம் என் சோதனைல இல்ல சார். குழாய் இருக்கு" என்றாள் செண்பகவல்லி. முகத்தில் வழிந்த மழையைத் துடைக்கக்கூட இல்லை.

அவளை உண்மையில் அலைக்கழித்தது அந்த மழைதான். மோட்டாரிலிருந்து தண்ணீர் கிளம்புகிறது என்று மீட்டர் சொன்னது. வழியில் கசிவில்லை. கடைசியில் வந்து சேரவில்லை. மழை மட்டும் இல்லாதிருந்தால் மீட்டர் ஓடாமல் நின்றிருக்கும், எங்கோ அடைத்திருக்கிறது என்று முதல் நாளே பிடித்திருப்பாள். ஊர் கும்பிட்டுக்கொண்டிருந்த மழைதான் அடைப்பை மறைத்துக்கொண்டிருந்தது.

விழாவுக்கு முந்தின நாள் காலை அவள் ஒரு காரியம் செய்தாள். கிணற்றில் போடுகிற பெர்மாங்கனேட்டை வாளி வாளியாகத் தரைத்தொட்டியில் கரைத்துவிட்டு மோட்டாரைப் போடச் சொன்னாள். கட்டுப்பாட்டு அறைக்குள் கத்தரிப்பூ நிறத்தில் மழை பெய்தது. அன்று பார்த்து ஒரு கல்யாண வீட்டார் பந்திக்குத் தண்ணீர் பிடிக்க வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார்கள். வேட்டி, குடம், சுவர், பேனலம்மன் கட்டியிருந்த மஞ்சள் துணி, தவளைகள் எல்லாம் கத்தரிப்பூ நிறமாகி, மத்தியானத்துக்குள் துருப்பிடித்த பழுப்புக்கு மாறின. மழைக் கமிட்டித் தலைவர் வீரபத்திரன், பாதி மீசை நரையும் பாதி மீசை ஊதாவுமாக அவள்முன் வந்து நின்றார்.

"எங்க ஊரு மேல உனக்கு என்னம்மா கோவம்? வானம் கொடுக்கல, பேனலம்மன் கொடுக்குறா. அதுலயும் சாயத்தக் கரைச்சு விடுறியே!"

"அம்மன் கொடுக்கலய்யா. உப்போடைக்குப் போக வேண்டிய தண்ணி, வழியில்லாம உங்க தலைல விழுது."

"விழுந்துட்டுப் போகட்டுமே. வீடு தேடி வந்த மழைய யாராச்சும் தொரத்துவாகளா?"

"நான் தொரத்துவேன்" என்றாள்.

குழாய் போகும் வழியில் காற்று வெளியேறுவதற்கென்று இடையிடையே வால்வுகள் வைத்திருந்தார்கள். பஞ்சவர்ணத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனாள். முதலாவதில் கத்தரிப்பூத் தண்ணீர் பீய்ச்சியது, அடுத்ததிலும் பீய்ச்சியது, பாதி வழி வரை பீய்ச்சிக்கொண்டே வந்தது. அதற்கடுத்த வால்வைத் திறந்தால் சிலந்திக் கூடும் புழுதியும்தான் இருந்தது. இரண்டு வால்வுகளுக்கும் நடுவில், புதுத் தார் ரோட்டுக்கு அடியில்தான் ஒரு கம்பெனியின் குழாய் முடிந்து இன்னொரு கம்பெனியின் குழாய் தொடங்கியது. செண்பகவல்லிக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கம்பெனிக்கும் போன் போட்டாள். சோதனைக்காக நுனியில் போட்ட மூடித்தகட்டைக் கழற்றினீர்களா என்று கேட்டாள். அவர்கள் கழற்றுவார்கள் என்று இவர்கள் விட்டிருந்தார்கள், இவர்கள் கழற்றுவார்கள் என்று அவர்கள் விட்டிருந்தார்கள். அடுத்தவன் வேலையில் கை வைக்கக் கூடாது என்ற மரியாதையோடு, மூடிய குழாயையும் மூடிய குழாயையும் சேர்த்து போல்ட்டுப் போட்டு முடுக்கி, பெயிண்ட் அடித்து, மாலை போட்டு, போட்டோ எடுத்து, மண்ணைத் தள்ளிப் புதைத்திருந்தார்கள்.

"அப்ப அந்த ரோட்டத் தோண்டணும்" என்றாள் பஞ்சவர்ணம்.

தோண்டக் கூடாது என்றார் தனுஷ்கோடி போனில். அமைச்சரின் கார் அதன்மேல்தான் போக வேண்டும், விழா முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

"விழா முடிஞ்சா நீங்க யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டீங்க சார்."

"நாளைக்கு நீ வர வேண்டாம். உன்ன இந்த வேலைலேர்ந்து எடுத்தாச்சு. உனக்குப் பதிலா வேற ஆள் கையெழுத்துப் போடுவாரு."

"போடட்டும் சார். கையெழுத்துல தண்ணி வராது" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். வேலை போய்விட்டது. உப்போடைக் குழாயடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள், அழுது முடித்துவிட்டு கேஸ் வைத்து இரும்பை அறுக்க ஆள் தேடிப் போனாள்.

விழா அன்று விடிந்ததும் உப்போடை முழுவதும் ரோட்டில் நின்றது. கடப்பாரை, மண்வெட்டி, கரி அள்ளுகிற தட்டு, கையில் கிடைத்ததெல்லாம் இருந்தது. பஞ்சவர்ணம் முதல் போடு போட்டாள், ஈரம் உலராத புதுத் தார் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் ஓடிவந்தார்.

"யாரு அனுமதி கொடுத்தா உங்களுக்கு?"

பஞ்சவர்ணம் நிமிர்ந்தாள். "எங்க வீட்டுக்காரரு மதுரைக்குப் போயி ரத்தத்தக் கழுவிக் கழுவிட்டு வாராரு. அதுக்கு யாருங்கய்யா அனுமதி கொடுத்தா? அவுகளக் கூட்டியாங்க, நிறுத்துறோம்."

போலீஸ்காரர் வேனின் நிழலுக்குப் போய் மேலிடத்துக்குப் போன் செய்தார். மேலிடம் மாலை வாங்குவதில் மும்முரமாக இருந்தது. இதற்குள் கடைசிக் குழாய்க்குப் பின்னால் நிற்க வேண்டிய டேங்கர் லாரி வந்து பள்ளத்துக்குப் பெருங்கரைப்பட்டிப் பக்கமே நின்றுவிட்டது. பள்ளத்துக்குள், மாலையின் நார்கூட இன்னும் மக்காமல் கிடந்த இணைப்பை, செண்பகவல்லி கூட்டிவந்த இரண்டு ஃபிட்டர்கள் பிரித்தார்கள். இரண்டு மூடிகள், முதுகோடு முதுகாக. அவற்றின் நடுப்பகுதியை கேஸ் வைத்து அறுத்து வளையங்களாக்கி, அதே இடத்தில் பொருத்தி, போல்ட்டுகளை முடுக்கினார்கள். அறுத்தெடுத்த இரண்டு வட்டத் தகடுகளையும் பஞ்சவர்ணம் ரோட்டோரத்தில் வீசினாள்.

"இனி மோட்டார யாரு போடுவா? நம்ம சொன்னா அந்த ஊருக்காரவுக போடுவாகளா?" என்று கேட்டாள்.

"நம்ம சொல்லவே வேண்டாம்க்கா. அவங்களே போடுவாங்க."

அப்படியே நடந்தது. அமைச்சர் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து பொத்தானை அமுக்கினார். உதவியாளர் தயாராகக் குடையை விரித்தார். பெருங்கரைப்பட்டி மொத்தமும் குடங்களோடு கூரையை அண்ணாந்து பார்த்தது. மழை வரவில்லை. "இன்னும் கூட்டுங்கய்யா" என்று வீரபத்திரன் கத்தினார். வேகத்தைக் கூட்டினார்கள், வரவில்லை. மாற்று மோட்டாரையும் போடச் சொன்னார்கள், பேனலம்மனுக்குக் கற்பூரம் காட்டினார்கள், முழு வேகத்துக்குத் திருகினார்கள். கூரை சுக்காகக் காய்ந்து கிடந்தது, கீழே தவளைகள் ஒன்றிரண்டு வாசலை நோக்கித் தாவின. ஊர் எவ்வளவு ஆவேசமாக மழையைக் கேட்டதோ அவ்வளவு ஆவேசமாகத் தண்ணீர் உப்போடைக்குக் கிளம்பியது. பள்ளத்தில் இறங்கி குழாயின்மேல் காதை வைத்திருந்த செண்பகவல்லிக்கு அது கடந்துபோவது கேட்டது. "போகுதுக்கா, போகுது" என்று கூவினாள், மேலே ஏறி எல்லோரோடும் உப்போடையை நோக்கி ஓடினாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது குழாய் பயங்கரமாக இருமிக்கொண்டிருந்தது. காற்று வந்தது, துருப்பொடி வந்தது, ஒரு பல்லி வந்தது, பிறகு செம்மண் குழம்பாகத் தண்ணீர் வந்தது. தனுஷ்கோடியும் வந்தார், பள்ளத்தைத் தாண்டியதில் முழங்கால்வரை தார், கையில் செல்போன்.

"வந்துருச்சு! அமைச்சர் லைன்ல இருக்காரு. குடத்தப் புடிங்கம்மா, ஒரு போட்டோ எடுத்து அனுப்பிச்சுருவோம். புடிங்க, புடிங்க."

பஞ்சவர்ணம் குனிந்து இரண்டு கையாலும் ஏந்தி ஒரு வாய் வைத்தாள். ஊரே அவள் முகத்தைப் பார்த்தது. செண்பகவல்லியும் பார்த்தாள். பஞ்சவர்ணம் அதைக் கீழே துப்பினாள்.

"மண்ணாக் கெடக்கு. இன்னும் ஓடட்டும்."

"முதல் தண்ணி அப்படித்தாம்மா இருக்கும். இத்தன வருஷம் ஓடைத் தண்ணியத்தான குடிச்சீங்க, இதுல என்ன குறை கண்டீங்க?"

"குடிச்சோம்ல, அதான் சொல்றேன். தெளிஞ்சு வந்தாப் புடிப்போம். அதுவரைக்கும் அவர அப்படியே இருக்கச் சொல்லுங்க."

தனுஷ்கோடி செண்பகவல்லியைப் பார்த்தார். அவள் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் யாரும் குடத்தை இறக்கவில்லை. மணலைச் சுரண்டிச் சுரண்டி ஒவ்வொரு சிரட்டையாகத் தண்ணீர் சேர்த்தவர்கள், குழாயடியில் குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, கலங்கல் தீரட்டும் என்று நின்றார்கள். தண்ணீர் தெருவில் ஓடி, கோழிகளை விரட்டி, தனுஷ்கோடியின் செருப்பைச் சுற்றிக்கொண்டு போனது. அமைச்சர் லைனிலேயே காத்திருந்தார்.